கொடியிறக்கத்துக்குப் பிறகு

தை பிறந்தால் எங்களுக்கு வழி பிறக்கும். வைகாசி முடியும்வரை அந்த வழியிலேயேதான் கிடப்போம். தை முகூர்த்தங்களில் தொடங்கி மாசி மகம், பங்குனி உத்திரம், சித்திரைத் தேர், வைகாசி விசாகம் என்று ஒன்றின் வாலை இன்னொன்று பிடித்துக்கொண்டு வரும். நடுவில் இரண்டு நாள் ஒழிந்தால் அதில் ஒரு கல்யாணம் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆடியில் கல்யாணம் இல்லை. அம்மன் கோயில் கொடைகள் உண்டு. ஆனால் தென்மாவட்டக் கொடைக்கு நையாண்டி மேளம்தான் அழகு, எங்கள் பெரிய மேளத்துக்கு அங்கே வேலை குறைவு. ஆகவே வைகாசிக் கடைசியில் நாகர்கோவில் பக்கமிருந்து கும்பகோணம் பக்கம் திரும்பும் அந்த ஒரு பயணம்தான் எங்கள் கணக்கில் வருஷ முடிவு.

தவில் அடிக்க நான் கற்றது குருநாதர் வீட்டுத் திண்ணையில். தவில் வாசிக்கக் கற்றது வண்டியில், அதுவும் ஊர் திரும்பும் வண்டியில். போகும்போது யாரும் எதுவும் சொல்லித்தர மாட்டார்கள். நாயனக்காரருக்குச் சீவாளி கவலை, தவில்காரருக்குத் தோல் கவலை, செட்டுக்குப் பொறுப்பானவருக்கு அட்வான்ஸ் போக மீதி கைக்கு வருமா என்ற கவலை. திரும்பும்போது கவலைப்பட ஒன்றும் பாக்கி இருக்காது. நல்லதோ கெட்டதோ, வாசித்தாயிற்று. அப்போதுதான் வாய் திறக்கும்.

எங்கள் செட்டில் ஆறு பேர். இரண்டு நாயனம், அதாவது நாகஸ்வரம், இரண்டு தவில், தாளம், சுருதிப்பெட்டி. ஓட்டுநரையும் சேர்த்தால் ஏழு. ஒரு காலத்தில் ஒத்து ஊத ஆள் இருந்தார்; மணிக்கணக்கில் மூச்சு அறாமல் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும் வேலை. அந்த வேலையை இன்று ஒரு பெட்டி பார்க்கிறது. பெட்டியைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டியிருக்கிறது என்பது வேறு விஷயம்.

பத்து நாள் திருவிழாவில் பத்தாம் நாள் தீர்த்தவாரி முடிந்து கொடியும் இறங்கிவிட்டால் ஊர்க்காரர்களுக்குத் தூக்கம் வரும். எங்களுக்கு அப்போதுதான் கட்டுகிற வேலை ஆரம்பம். வெளியூர்க்காரர்கள் நினைப்பதுபோலத் தவிலை உறைக்குள் போட்டு வண்டியில் தூக்கி வைத்துவிட முடியாது. அந்த ஓடு பலா மரத்தைக் குடைந்தது. வலது முகமான வலந்தலையில் எருமைத் தோல், இடது முகமான தொப்பியில் ஆட்டுத் தோல். வலந்தலை விறைப்பாக நிற்க வேண்டும், தொப்பி தளர்ந்து குழைய வேண்டும். குழைவதற்காக அதன் உட்புறத்தில் ஆமணக்கு விதை சேர்த்த பசை பூசியிருக்கும். குமரிக் கடல்காற்றில் தோல் நனைந்து நனைந்து நாதம் இறங்கும். அதை ஈடுகட்டப் பத்து நாளும் முறுக்கி முறுக்கி ஏற்றிவைத்திருப்போம். அதே முறுக்கோடு வண்டியில் ஏற்றி, விடிந்தபின் திருச்சி தாண்டி வறண்ட வெயிலில் வண்டி நின்றால், தோல் இழுத்த இழுப்பில் கிழிந்துபோகும். ஓட்டிலேயே கீறல் விட்டதையும் பார்த்திருக்கிறேன்.

அதனால் முதல் வேலை தளர்த்துவது. என் தவில் இப்போது இரும்பு வளையமும் போல்ட்டும் போட்டது. தோல் வாரில் கட்டிய பழைய தவில் வீட்டில் இருக்கிறது. அதன் நாதம் வேறு, ஆனால் அதை இழுத்துக் கட்ட இரண்டு ஆள் பலம் வேண்டும், இரண்டு ஆள் கிடைப்பதில்லை. போல்ட்டுத் தவிலுக்கு ஒரு ஸ்பேனர் போதும். ஒரு போல்ட்டை அரைச் சுற்றுத் தளர்த்தினால் அடுத்தது அதன் பக்கத்தில் இருப்பதை அல்ல, நேர் எதிரில் இருப்பதை. வரிசையாகத் தளர்த்தினால் வளையம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும். பிறகு அதை நிமிர்த்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். தளர்த்தத் தளர்த்த விரலால் சுண்டிப் பார்த்துக்கொண்டே வர வேண்டும். பத்து நாளாக ‘நங்’ என்று பேசிய வலந்தலை ‘தொப்’ என்று முனகும்போது நிறுத்திக்கொள்ளலாம்.

அடுத்தது படுக்க வைப்பது. கேரியரில் தவில் ஏறக் கூடாது. இதில் எங்கள் செட்டில் விவாதமே கிடையாது. வண்டிக்குள்ளே, பின் இருக்கைக்குப் பின்னால், தோல் எதன்மீதும் உரசாதபடி ஓடு கீழே தாங்க வேண்டும். சுற்றிலும் முட்டுக் கொடுக்கத்தான் பொன்னாடைகள். ஒரு சீசனில் எங்களுக்குப் போர்த்தப்படும் பொன்னாடையை அடுக்கினால் ஒரு ஜவுளிக்கடை வைக்கலாம். எல்லாம் வழவழவென்று பாலியஸ்டர். துண்டாகத் துவட்டவும் உதவாது, போர்வையாகக் குளிருக்கும் உதவாது. தவிலுக்கு முட்டுக் கொடுப்பதற்கு மட்டும் அவ்வளவு பொருத்தம். மேடையில் அதைப் போர்த்திய பிரமுகர்கள் எங்கள் வண்டியின் பின்கதவைத் திறந்து பார்க்காதவரை நல்லது.

நாயனக்காரர்களின் மூட்டை சின்னது, பதற்றம் பெரியது. நாயனம் நரசிங்கம்பேட்டையில் கடைந்தது. ஆச்சா மரம், அதுவும் பழைய வீட்டு உத்தரமாகக் கிடந்து ஈரம் செத்த மரம். 2022இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அது உறைக்குள் போய்விடும், கவலை இல்லை. சீவாளிதான் உயிர். நாயனத்தின் வாயில் செருகி ஊத, கொறுக்கைத் தட்டையை வெட்டிப் பதப்படுத்திச் செய்கிற விரல்கடைச் சமாச்சாரம். திருவாவடுதுறையில் அதைச் செய்வதையே தொழிலாகக் கொண்ட குடும்பங்கள் உண்டு. ஒரு கட்டுச் சீவாளி வாங்கினால் மனசுக்குப் பிடித்துப் பேசுவது இரண்டோ மூன்றோதான் தேறும். எங்கள் பெரிய நாயனக்காரர் அந்த இரண்டு மூன்றையும் ஒரு சின்னத் தகர டப்பாவில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் வண்டியில் ஏறுவார். பணப்பை இருக்கைக்கு அடியில் கிடக்கும். டப்பா நெஞ்சோடு இருக்கும்.

வண்டி கிளம்ப எப்படியும் இரவு பதினொன்று ஆகிவிடும். உட்காரும் வரிசையை யாரும் எழுதிவைக்கவில்லை, ஆனால் மாறாது. முன் இருக்கை பெரிய நாயனம். நடுவில் இரண்டாம் நாயனமும் இரண்டு தவிலும். கடைசியில் சுருதிப்பெட்டியும் தாளமும், தவில்களைப் பிடித்துக்கொண்டு. ஊர்வலத்தில் சாமிக்கு முன்னால் நிற்கும் வரிசையேதான் ஏறக்குறைய வண்டியிலும்.

முதல் டீவரை ஒரு பேச்சு எழாது. பேசினாலும் கேட்காது. நாயனத்தின் பக்கத்தில் இரவுக்கு நாலைந்து மணி நேரம் நின்றவன் காதில், அது ஓய்ந்தபின்னும் ஒரு கீச்சுச் சத்தம் ஓடிக்கொண்டே இருக்கும். நாயனம் திறந்தவெளிக்காகப் பிறந்த வாத்தியம். நாலு மாட வீதிக்கும் கேட்கவேண்டும் என்று செய்தது. அந்த நாலு வீதிக்குமான சத்தத்தை முதலில் வாங்குவது தவில்காரனின் காது. தொழிலில் முப்பது வருஷம் கண்டவர்களில் ஒரு காதாவது மந்தமாகாதவர் அபூர்வம். எனக்கு இடது காது. வீட்டில் டிவி சத்தத்துக்காக நடக்கும் சண்டைக்கெல்லாம் மூலகாரணம் காம்போதி ராகம் என்று சொன்னால் யார் நம்புகிறார்கள்?

ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று வண்டியைப் பக்கவாட்டில் பிடித்துத் தள்ளும். முப்பந்தல் காற்றாலைகளின் சிவப்பு விளக்கு வரிசையைத் தாண்டும்போது எதிரில் ஒரு வேன் வந்தது. மேலே வட்டவட்டமாகச் செண்டைகள் கட்டியிருந்தன. எங்கள் ஓட்டுநர் ஹாரன் அடித்து மரியாதை செய்தார். கேரளத்து உற்சவங்களுக்கு நாங்கள் போகிறோம். எங்கள் ஊர்க் கல்யாணங்களுக்குச் செண்டை மேளம் வருகிறது. மாப்பிள்ளை அழைப்பில் செண்டைக்காரர்கள் இருபது பேர் நின்று முழக்குகிறார்கள், வீடியோவில் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. தாலி கட்டும்போது கெட்டிமேளத்துக்கு மட்டும் எங்களைத் தேடுகிறார்கள். ஐயர் விரலை ஆட்டுவார், நாங்கள் அடித்து நிமிர்த்துவோம், அத்தோடு சரி. ராகம் போட்டு ஒரு கீர்த்தனை வாசிக்க நேரம் கேட்டால், அந்த நேரத்தில் போட்டோ எடுக்க வேண்டும் என்பார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. கீர்த்தனை கேட்க வந்த கூட்டமா அது?

திருநெல்வேலி தாண்டிக் கயத்தாறு பக்கம் முதல் டீ. இங்கேதான் காதின் கீச்சு அடங்கும், பேச்சு துளிர்க்கும். கோவில்பட்டி நெருங்கினால் பெரிய நாயனம் தானாகவே நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். நாயனக்காரர் காருகுறிச்சி அருணாசலம் குடியிருந்த ஊர். அவர் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் சீடர். பிறந்தது 1921இல், அம்பாசமுத்திரம் பக்கத்துக் காருகுறிச்சியில். 1962இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு அவர் நாயனம் ஆபேரியில் போட்டிபோட்ட பிறகு, நாயனம் என்றால் என்னவென்றே தெரியாத வீடுகளிலும் அவர் பெயர் தெரிந்தது. 1964இல் போய்விட்டார். நாற்பத்து மூன்று வயதுகூட நிறையவில்லை.

“எங்க ஊர்ச் சரக்குய்யா அது. பாணி பூரா திருவாவடுதுறைப் பாணி. ஆனா குழைவு தாமிரபரணித் தண்ணி,” என்பார் பெரிய நாயனம். ஒவ்வொரு வருஷமும் இதையேதான் சொல்வார். இரண்டாம் நாயனம் திருநெல்வேலிச் சீமையில் பெண் எடுத்தவர். குழைவு தண்ணியில் இல்லை, ஆளிடம் இருந்தது என்று ஒவ்வொரு வருஷமும் மறுப்பார். இதிலிருந்து தோடிக்குப் போவார்கள், தோடியிலிருந்து ராஜரத்தினம் பிள்ளைக்கு. அவர் குடுமியை எடுத்துக் கிராப்பு வைத்தது, கோட்டுப் போட்டது, மேடையில் உட்கார்ந்துதான் வாசிப்பேன் என்று நின்றது எல்லாம் வரும். கட்டைத் திமிரி நாயனம் போய் இன்றைய நீளப் பாரி நாயனம் நிலைத்ததற்கு அவர்தான் காரணம் என்பதும் வரும். கேட்கும் பையன்களுக்கு இது கதை. எங்களுக்கு இது சம்பளம் பேசும்போது முதுகை நிமிர்த்தி நிற்க உதவும் சமாச்சாரம்.

தாளக்காரப் பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாபநாசம் பக்கத்துப் பிள்ளை. அரசு இசைப்பள்ளியில் மூன்று வருஷம் தவில் படித்துச் சான்றிதழ் வாங்கியவன். மாவட்ட இசைப்பள்ளிகள் இல்லையென்றால் எங்கள் தொழிலுக்கு இன்று புது ஆளே கிடைக்காது. அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனால் பள்ளிக்கூடத்தில் மணி அடித்தால் பாடம் முடிகிறது. குருகுலத்தில் வாத்தியாருக்குக் கால் பிடித்துவிடும்போது ஒரு சொல் விழும், குளத்துக்குப் போகிற வழியில் ஒரு கோர்வை, அதாவது தாளத்துக்குக் கணக்காகக் கோத்து முடிக்கும் சொற்கட்டு, விழும். அப்படி உதிர்வதைப் பொறுக்கத்தான் பிள்ளைகள் வருஷக்கணக்கில் வாத்தியார் வீட்டில் கிடந்தார்கள். இன்று யார் வீட்டில் யார் போய்க் கிடப்பது? பையனின் அம்மாவும் விடமாட்டார், என் வீட்டிலும் இடம் இல்லை. மிச்சம் இருப்பது இந்த வண்டி. பத்து மணி நேரம் ஒருவரும் இறங்கி ஓட முடியாது.

அவன் பின் இருக்கையிலிருந்து முன்னால் குனிந்தான்.

“அண்ணே, ஏழாந் திருநா அன்னிக்கு மேலவீதி திரும்புறப்போ ஒரு கோர்வை வச்சீங்களே. முதல்ல ஏழு, அப்பறம் ஆறு, அப்பறம் அஞ்சு. சரிதானா?”

சரிதான். தாளம் போட்டுக்கொண்டே அதைப் பிரித்துப் பார்த்திருக்கிறான். தகதிமி தா,, என்றால் ஏழு மாத்திரை. தகிட தா,, ஆறு. பிறகு ததிங்கிணதொம் மூன்று தடவை, ஒவ்வொன்றும் ஐந்து. நடுவில் இரண்டு கார்வை, அதாவது மௌன இடைவெளி, இரண்டிரண்டு மாத்திரை. ஏழும் ஆறும் பதின்மூன்று. மூன்று ஐந்தும் இரண்டு இரண்டும் பத்தொன்பது. ஆக முப்பத்திரண்டு. ஆதி தாளத்தில் ஓர் ஆவர்த்தனம். சமத்தில், அதாவது தாளம் தொடங்கும் இடத்தில், எடுத்துச் சமத்திலேயே விடலாம்.

“அன்னிக்கு அண்ணன் வாசிச்ச கீர்த்தனை சமத்துலயா எடுத்துச்சு?” என்று கேட்டேன்.

யோசித்தான். “இல்லண்ணே. ஒன்றரை இடம் தள்ளி.”

“அப்ப சமத்துல எடுத்து எடுப்புல கொண்டுபோய் விடணும். உன் முப்பத்திரண்டு எங்க நிக்கும்?”

முழங்காலில் தாளம் போட ஆரம்பித்தான். சாத்தூர் வந்தது. போகும்போதே காராச்சேவு வாங்கியிருக்க வேண்டும். திரும்பும் நேரத்துக்கு ஊருக்குள் கடை அடைத்திருக்கும். பைபாஸில் அதே பெயரில் விற்பதை வாங்கிக்கொண்டு போய் வீட்டில் திட்டு வாங்குவோம். கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கும் இதே கதை. எட்டூர்வட்டம் டோல்கேட்டில் வண்டி நின்று நகர்ந்தது. ஒன்றரை இடம் என்றால் ஆறு மாத்திரை என்பது பையனுக்குத் தெரியும். முப்பத்தெட்டு வேண்டும் என்பதும் தெரியும். அந்த ஆறை எங்கே நுழைப்பது என்பதில்தான் முட்டிக்கொண்டு நின்றான். முன்னால் ஒரு ஆறு சேர்த்துப் பார்த்தான். ஏழு, ஆறு, ஐந்து என்று இறங்கி வரும் அழகு கெட்டது. கடைசியில் ஒட்டிப் பார்த்தான். வால் மாதிரி தொங்கியது. இரண்டாம் தவில்காரர் கண்ணைத் திறக்காமலே, “சொல்லைத் தொடாதடா” என்றார். அவ்வளவுதான் சொன்னார். திரும்பவும் குறட்டை.

விருதுநகர் தாண்டும்போது பையன் என் தோளைத் தட்டினான். “கார்வையண்ணே. ரெண்டை அஞ்சாக்கணும். ரெண்டு கார்வைக்கும் மூணு மூணு கூடுது. ஆறு.”

ததிங்கிணதொம் ஐந்து, மௌனம் ஐந்து, ததிங்கிணதொம் ஐந்து, மௌனம் ஐந்து, கடைசியாக ஒரு ததிங்கிணதொம். சொன்ன அளவுக்கே சும்மாவும் இருக்க வேண்டும். இதை நான் வாயால் சொல்லிக் கொடுத்திருந்தால் அரை நிமிஷ வேலை. ஐம்பது கிலோமீட்டர் தூரம் அவனே முட்டி மோதி எடுத்தது இனி அவன் கையை விட்டுப் போகாது. எனக்கும் இப்படித்தான் வந்தது. என் காலத்தில் வண்டிக்குப் பதில் கடைசி பஸ். எழுபது, எண்பது வயதுத் தவில்காரர்கள் நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் கணக்கைப் பற்றிப் பேசுவதைப் பின் படிக்கட்டு ஓரத்தில் தவிலை மடியில் வைத்துக்கொண்டு கேட்டிருக்கிறேன். பாதி புரியாது. புரியாதது வருஷம் கழித்து ஏதோ ஒரு தேர் முட்டியில் கையில் வந்து நிற்கும்.

ஓட்டுநர் தூக்கம் கலையப் போனில் தவில் வித்வான் யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் தனி ஆவர்த்தனத்தைப் போட்டார். எங்கள் ஓட்டுநருக்குத் தாளம் தெரியாது, சுருதி தெரியாது. தட்சிணாமூர்த்தியை மட்டும் தெரியும். இத்தனை வருஷம் எங்களைக் கேட்டவர் அவரைத்தான் போடுகிறார் என்பதில் எங்களுக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. 1975இல் நாற்பத்தொரு வயதில் மறைந்த மனிதர். அந்த வேகத்தில் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக, உதிர்த்த முத்தாகக் கேட்கும். “இதுல எத்தனை கணக்குடா?” என்று பையனிடம் கேட்டேன். “வேணாம்ணே, சும்மா கேக்கலாம்” என்றான். அதுவும் சரியான பதில்தான்.

மதுரையைச் சுற்றிக்கொண்டு மேலூர் பக்கம் இரண்டாம் டீ. பெரிய நாயனம் இருக்கைக்கு அடியிலிருந்து பையை எடுத்தார். பணம் பிரிப்பது எப்போதும் மதுரைக்கு வடக்கேதான்; ஏன் என்று கேட்டால் அவருடைய அப்பாவும் அப்படித்தான் பிரித்தார் என்பார். அந்தக் காலத்தில் பங்கு முறை. வந்ததை நாயனத்துக்கு இவ்வளவு, தவிலுக்கு இவ்வளவு, ஒத்துக்கும் தாளத்துக்கும் இவ்வளவு என்று பிரித்தார்கள். வரும்படி குறைந்தால் எல்லாருக்கும் குறையும். இப்போது நாள் சம்பளம். அதில் ஒரு நிம்மதி இருக்கிறது. ஒரு கசப்பும் இருக்கிறது: கோயிலில் மனம் குளிர்ந்து யாராவது கூடுதலாகக் கொடுத்தால் அது யாருடையது என்ற கேள்வி ஒவ்வொரு தடவையும் எழும்.

இந்தத் தடவை வேறொரு கணக்கும் இடித்தது. சித்திரையில் தெற்கே ஒரு கல்யாணம். ஏற்பாடு செய்தவர் பேசிய தொகையில் ஒரு பகுதியைப் பிறகு தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார். அன்று கடைசிப் பந்தியில்தான் எங்களுக்குச் சாப்பாடு. சாம்பார் தீர்ந்து ரசத்தோடு முடித்துக்கொண்டோம். கடைசிப் பந்தியை நான் பொருட்படுத்துவதில்லை, அது பழகிப்போனது. பேசிய பணத்தில் கை வைப்பதுதான் பொறுக்கவில்லை. பெரிய நாயனம் அந்தக் குறையைத் தன் பங்கிலிருந்து நிரவி எல்லாருக்கும் சொன்னபடி கொடுத்தார். அவர் அப்படித்தான். ஆனால் அதே மனுஷன் தாளக்காரப் பையனுக்குக் கொடுப்பதில் மட்டும் பழைய காலத்திலேயே நிற்கிறார்.

கணக்கைச் சொன்னால் சிரிப்பு வரும். ஓட்டுநருக்கு நாள் வாடகையில் பங்கும் பேட்டாவும் சேர்த்தால் வருவது, தாளக்காரனுக்கு வருவதைவிட அதிகம். ஓட்டுநருக்குக் கூடுதல் என்று நான் சொல்லவில்லை; ராத்திரி முழுக்க ஆறு பேர் உயிர் அவர் கையில். பையனுக்குக் குறைவு என்கிறேன். தேர் நிலையிலிருந்து கிளம்பி நிலைக்கு வருகிறவரை தாளத்தை ஒரு இழை நகரவிடாமல் பிடித்துக்கொண்டு, மூட்டையையும் சுமந்து, தவிலையும் கட்டி, டீயும் வாங்கி வருகிறவன்.

டீக்கடை பெஞ்சில் இதைப் பெரிய நாயனத்திடம் சொன்னேன். “அவன் நம்மகிட்ட தொழில் கத்துக்கிறான்ல? அந்தக் காலத்துல நாங்கள்லாம் சோத்துக்குத்தான் தாளம் போட்டோம்” என்றார்.

“அந்தக் காலத்துல வாத்தியார் வீட்ல சோறு போட்டாங்கண்ணே. இப்ப இவன் ஊருக்குப் போய்த் தன் காசுல அரிசி வாங்கணும்.”

பதில் சொல்லவில்லை. பையில் கைவிட்டு இன்னும் கொஞ்சம் எடுத்துப் பையன் கையில் வைத்தார். எவ்வளவு என்று நான் பார்க்கவில்லை. போதாது என்று மட்டும் தெரியும். ஆவணி முகூர்த்தம் பேசும்போது மறுபடி கேட்கத்தான் போகிறேன்.

கொட்டாம்பட்டி, துவரங்குறிச்சி, விராலிமலை எல்லாம் தூக்கத்தில் போயின. திருச்சியில் விடிந்துவிட்டது. துவாக்குடி தாண்டியதும் மண் நிறம் மாறும், மூக்குக்கு ஊர் தெரியும். மேட்டூரை ஜூன் 12இல் திறப்பது வழக்கம் என்பதால், நாங்கள் திரும்பும் நேரத்தில் எங்கள் பக்கத்து வாய்க்கால்கள் பெரும்பாலும் காய்ந்து கிடக்கும். வெட்டி வாரிய வண்டல் கரையில் குவிந்திருக்கும். வயலில் ஆள் இருக்காது. இந்த ஊர்களைப் பற்றி வெளியே இருக்கிற பச்சைப் பசேல் பேச்சுக்கும் நாங்கள் வந்து இறங்கும் ஊருக்கும் சம்பந்தமே இல்லை.

இறங்கும் வரிசை மட்டும் ஊர்வல வரிசை இல்லை, சாலை வரிசை. தஞ்சாவூரில் இரண்டாம் தவில். பாபநாசத்தில் பையன். கும்பகோணத்தில் இரண்டாம் நாயனமும் சுருதிப்பெட்டிக்காரரும். அத்தனை வாரம் ஒரே மூச்சாக நின்றவர்கள், இறங்கும்போது “வரேன்” என்பதோடு சரி. ஒருவர் திரும்பிப் பார்க்க மாட்டார். இறங்கியவனுக்கு மனசு வீட்டு வாசலில் நிற்கிறது: நகை அடகுக்கு வட்டி, பிள்ளைக்குப் பள்ளிக்கூடப் பணம். திருவிடைமருதூர் தாண்டி நான். கடைசியில் ஆடுதுறை பக்கம் பெரிய நாயனமும் ஓட்டுநரும் மட்டும் போவார்கள். அவர்கள் இருவரும் அந்தக் கடைசித் தூரத்தில் என்ன பேசிக்கொள்வார்கள் என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம்.

வீட்டுக்கு வந்தால் முதல் நாலைந்து நாள் உடம்பு ஊர் நேரத்துக்கு வராது. பகலில் தூக்கம், ராத்திரி இரண்டு மணிக்கு, சாமி வீதி சுற்றும் நேரத்துக்கு, விழிப்பு. படுத்தபடியே கட்டில் சட்டத்தில் வலது கை தட்ட ஆரம்பித்துவிடும். “அதான் வந்தாச்சுல்ல, கைய வச்சுக்கிட்டுச் சும்மா படுங்க” என்பாள் மனைவி. விரல்நுனிகளில் கூடு இறுக்கிய தடம் மறைய ஒரு வாரம் ஆகும். மைதாப் பசையில் துணி நாடாவை முக்கி விரலில் சுற்றிக் காயவைத்த கூடு. சீசன் முடிவில் பழையதைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிது சுற்ற வேண்டும். இடது கைக் கழியும் முனை தேய்ந்துவிட்டது. கொல்லையில் பூவரசங்கிளை ஒன்றைப் போன தையிலேயே வெட்டி நிழலில் காயப் போட்டிருக்கிறேன். தவிலை மூட்டுக்காரரிடம் கொடுத்தாயிற்று. வலந்தலைத் தோல் இன்னொரு சீசன் தாங்காது என்று சுண்டிப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் பையன் போன் செய்தான். சவுக்கியமா என்றுகூடக் கேட்கவில்லை.

“அண்ணே, அந்த ஏழு ஆறு அஞ்சு. அதைக் கார்வையே இல்லாமப் போட்டா இருபத்தெட்டு வருது. ஆவர்த்தனத்துக்குப் பதினாலு வச்சா மிஸ்ர சாப்புல அப்படியே ரெண்டு ஆவர்த்தனம். ஒண்ணும் கூட்ட வேணாம், குறைக்க வேணாம்.”

கூட்டிப் பார்த்தேன். ஏழும் ஆறும் மூன்று ஐந்தும், இருபத்தெட்டுதான். இத்தனை வருஷம் இதை ஆதியில் வாசித்திருக்கிறேன், எனக்குத் தோன்றவில்லை. அதை அவனிடம் சொல்லவில்லை.

“கணக்கு சரிடா. இப்படி இடைவெளி இல்லாம அடைச்சா கேக்குறவன் எங்க மூச்சு விடுவான்?”

அந்தப் பக்கம் முழங்காலில் தட்டுகிற சத்தம் கேட்டது. வெகுநேரம் தட்டினான். நான் அவசரப்படுத்தவில்லை.

“கார்வைக்கு ஏழு ஏழு வைக்கலாம்ணே. நாப்பத்திரண்டு. மூணு ஆவர்த்தனம்.”

“வாசிச்சுப் பார்த்துட்டுச் சொல்லு” என்றேன். தவில் இல்லையாம் அவனிடம்; பள்ளிக்கூடத்தில் வாசித்தது பள்ளிக்கூடத் தவில். நாளைக்குக் காலையில் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். தோல் வார்த் தவிலை இழுத்துக் கட்ட இரண்டாவது ஆள் கிடைத்தாயிற்று.